ஆரோக்கியமணியின் பாதி ஜெபம்

புனே வானவடித் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆரோக்கியமணியைப் பற்றி ஒரு விஷயத்தைத் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு வருஷமும் ஒரு சாயங்காலம் விடாமல் ஜெபம் சொன்ன புண்ணியவதி என்பார்கள். ஜெபம் சொன்னாள், அது வாஸ்தவம். புண்ணியவதி என்று அவள் காதுபடச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

அவளுடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து ராணுவ மெஸ்ஸில் சமையல்காரராகப் புனேக்கு வந்தவர். அவள் பிறந்தது, படித்தது, டைப் கற்றுக்கொண்டது எல்லாம் இங்கேதான். ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. கண் தாளில் இருக்கும், விரல் மிஷினில் ஓடும், மனசு எங்கேயாவது போயிருக்கும். தான் அடித்தது என்ன என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் ஒரு தப்பு இருக்காது. இந்தத் திறமை பிற்பாடு அவளுக்கு வேறொரு இடத்திலும் உதவியது.

புருஷன் எட்மண்ட் நகரப் பேருந்தில் கண்டக்டர். ஹடப்சர் ரூட். சின்ன உடம்பு, பெரிய தொண்டை. "புடே சலா, புடே சலா" என்று அவர் கூட்டத்தை முன்னால் தள்ளும் சத்தம் பஸ் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். வீட்டிலும் வாய் ஓயாது. டிக்கெட் வாங்காமல் இறங்கப் பார்த்தவன், கோழியை மடியில் வைத்துக்கொண்டு கோழிக்கும் டிக்கெட் உண்டா என்று கேட்ட கிழவி என்று தினமும் ஒரு கதை கொண்டுவருவார். சோறு ஆறிப்போகும்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால் ஜெபமாலை. எல்லாக் கத்தோலிக்க வீடுகளிலும் இருக்கிற முறைதான்: ஒருவர் முன்னால் நின்று முதல் பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். இவர்கள் வீட்டில் முதல் பாதி ஆரோக்கியமணியுடையது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று ஆரம்பித்து, "இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்று அவள் நிறுத்துவாள். உடனே எட்மண்ட், "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று பிடித்தால் "ஆமென்" ஸ்டாப்பில்தான் பிரேக் போடுவார். பாதி நாள் அவர் கண் மூடியிருக்கும், தூக்கத்திலேயே பதில் வரும்.

"மாதாவுக்கு மூச்சு விடவாவது நேரம் கொடுங்க" என்பாள் ஆரோக்கியமணி.

"கடைசி டிரிப் இல்லையா மணி, சீக்கிரம் டிப்போவுக்குப் போகணும்" என்பார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் அவர்களுடைய பையன் லியோனார்டுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒன்பது வயசு. ஆரோக்கியமணி அப்போது ஜெபித்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் ஜெபித்ததில்லை. முழங்காலில் நின்றாள். பட்டினி கிடந்தாள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள், மொட்டை போடுகிறேன் என்றாள், வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். வாய்விட்டு, வெட்கத்தை விட்டு, பெயர் சொல்லிக் கேட்டாள். பையன் போய்விட்டான்.

அடக்கத்தின்போது அவள் அழவில்லை. கல்லறையில் மண் போடும்போது, கொடியில் அவன் ஸ்கூல் சட்டை தொங்குகிறதே, மழை வருகிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அதை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று, "இனிமே நான் உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று பால்காரனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றோடு வீட்டில் ஜெபமாலை நின்றது. எட்மண்ட் ஏன் என்று கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து வழக்கமான நேரம் வரை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு சாப்பிட எழுந்து வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போனார்கள். அங்கே ஆரோக்கியமணியின் உதடு எல்லோருடைய உதட்டையும்போல அசைந்தது. டைப் அடிக்கிற மாதிரிதான், ஒரு தப்பு வராது. உள்ளே ஒன்றும் இல்லை. வலி கூட இல்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று சின்னவளை, மகள் பெட்டியை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எழுபத்தெட்டில், ஹடப்சர் கடைசி ஸ்டாப்பில், பைசா எண்ணிக்கொண்டிருந்த எட்மண்ட் சீட்டிலேயே சரிந்தார். டிரைவர் பஸ்ஸோடு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். உயிர் தங்கியது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் "ஆ", வேண்டாமென்றாலும் "ஆ". தான் சொல்ல வந்தது வரவில்லை என்று தெரிந்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் அந்த "ஆ"வையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆரோக்கியமணி இதற்கும் அழவில்லை. காலையில் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டுச் சரசாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸ் போவாள். வந்து மறுபடி துடைப்பாள். பாவம் என்று வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்புவாள். வீடு அமைதியாகிவிட்டது, அது மட்டும்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் வாயை மூடுங்க, வாயை மூடுங்க என்று சொல்லியிருக்கிறோமே என்று நினைப்பாள்.

எட்மண்டின் தங்கை டோரீன் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக் கூட்டத்தோடு வருவாள். டோரீனுக்குப் பக்தி கொஞ்சம் சத்தமாகத்தான் வரும். கோயிலில் தமிழ் ஜெபங்களின் பழைய வார்த்தைகளையெல்லாம் மாற்றிவிட்டிருந்தார்கள். "பிரியதத்தத்தினாலே" போய் "அருள் நிறைந்த" வந்திருந்தது. புதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்று கூட்டம் ஜெபிக்கும். எட்மண்ட் சுவரைப் பார்த்தபடி கிடப்பார்.

"அண்ணனுக்கு ஜெபமே பிடிக்காமப் போச்சு போல இருக்கு அண்ணி" என்று டோரீன் மூக்கைச் சிந்துவாள்.

அந்த வருஷம்தான் பெட்டிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. அதற்கான ஜெபங்களைக் கோயிலில் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழிலும் தெரியாவிட்டால் நம்ம சாதி சனம் சிரிக்கும் என்று டோரீன் பிடிவாதம் பிடித்தாள். பெட்டிக்குத் தமிழ் எழுத்து ஓடாது. ஆகவே ஒரு சாயங்காலம் சமையலறையில் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"மம்மி, ஹெயில் மேரி தமிழ்ல எப்படி? ஆன்ட்டி நாளைக்குக் கேட்கும்."

ஆரோக்கியமணி சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டவ் புகைந்துகொண்டிருந்தது. புதுப் புத்தகம் எங்கே கிடக்கிறதோ என்ற எரிச்சலில், வாயில் வந்த பழையதையே சொன்னாள். சின்ன வயசில் அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே..." பழக்க தோஷம், வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள்.

பெட்டி, அடுத்தது என்ன என்று பார்த்தாள்.

அப்போது முன்னறைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும், ஆமென்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதே வேகம், அதே ஹடப்சர் தொண்டை.

"மம்மி! டாடி போலே! டாடி பேசுறார்!" இந்தியும் தமிழுமாகப் பெட்டி கத்தினாள்.

ஆரோக்கியமணி மாவுக் கையோடு ஓடிப்போய்க் கட்டிலருகே நின்றாள். "என்னங்க... தண்ணி வேணுமா? என்னைத் தெரியுதா? மணின்னு ஒரு தடவை சொல்லுங்க."

"ஆ" என்றார் எட்மண்ட். அவர் முகமும் திகைத்துப் போயிருந்தது.

அவள் மறுபடி முதல் பாதியைச் சொன்னாள். மறுபடி மறுபாதி முழுசாக வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. சப்பாத்தி கருகி வீடெல்லாம் புகை. யாரும் எழுந்து போகவில்லை.

டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். மனப்பாடமான பாட்டு, எண்கள், ஜெபம் எல்லாம் மூளையில் வேறு இடத்தில் கிடக்கும், யாராவது எடுத்துக்கொடுத்தால் தானாக ஓடும், பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள் என்றார். "அவருக்கு அர்த்தம் தெரிந்து சொல்லவில்லை, அம்மா." எனக்கும்தான் தெரிந்து சொல்லவில்லை என்று ஆரோக்கியமணி நினைத்துக்கொண்டாள். ஆனால் டாக்டரிடம் சரி என்றாள்.

அன்று ஆரம்பித்ததுதான் ஊர் மெச்சிய அந்த ஏழு வருஷ ஜெபம். கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். அவளுக்கு வேண்டியது புருஷனுடைய குரல். அது வருகிற ஒரே வழி இது. தன் சபதத்துக்கும் இதில் பங்கமில்லை என்று அவள் பார்த்து வைத்திருந்தாள். முதல் பாதியில் வாழ்த்துதான் இருக்கிறது. வேண்டுதல் எல்லாம் மறுபாதியில், அதாவது அவர் பக்கம். பரலோக மந்திரத்தை அவள் தொடவே இல்லை. அதில் "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்கிற வேண்டுதல் முதல் பாதியிலேயே வந்துவிடும். அந்தச் சித்தத்தை அவள் பார்த்தாயிற்று.

நாளாக ஆக அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஆபீஸிலிருந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "இன்னைக்கு அந்தக் கிருஷ்ணஸ்வாமி சார் என் மேல எரிஞ்சு விழுந்தாருங்க, தப்பு அவரோடது" என்பாள். பிறகு "பிரியதத்தத்தினாலே" என்று முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவாள். எட்மண்ட் மறுபாதியைச் சொல்வார். "அதானே, நானும் அதைத்தான் சொன்னேன்" என்பாள். மண்ணெண்ணெய் க்யூவைப் பற்றிச் சொல்வாள், பெட்டி கணக்கில் கோட்டை விட்டதைச் சொல்வாள், ஒவ்வொன்றுக்கும் அந்த அருள் நிறை மந்திரத்தின் மறுபாதி பதிலாக வரும். சொல் மாறாவிட்டாலும் குரல் மாறும். சளி பிடித்திருந்தால் "மரண நேரத்திலும்" என்ற இடத்தில் கமறும். கோபமாக இருந்தால் ஆமென் வெட்டிக்கொண்டு வரும். பெட்டியும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு, "மம்மி, டாடி சொன்னாரா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

டோரீன் சும்மா இருப்பாளா? புதுமை நடந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி, சாங்வியிலிருந்துகூட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு ஞாயிறு மத்தியானம் வாசலில் பத்துப் பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. இவங்க கண்ணால பாக்கட்டும்."

"பாக்கிறதுக்கு என் வீட்டுக்காரர் என்ன கரடியா? டீ வேணும்னா போடுறேன். குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

"உங்க விசுவாசத்துக்குக் கிடைச்ச வரம் அண்ணி இது. மறைக்கக் கூடாது."

ஆரோக்கியமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசுவாசம் என்ற அந்தச் சொல் சோற்றில் கல் கடிபட்டதுபோல நாளெல்லாம் உறுத்திற்று. ஐந்தாறு வருஷத்தில் அவளுக்கு முதன்முதலாக ஏதோ ஒன்று உறுத்தியது.

அந்த மாதம் தமிழ்ப் பூசைக்கு ஃபாதர் ஹெர்பர்ட் வந்திருந்தார். குருமடத்தில் மேல்படிப்புக்கு வந்திருந்த இளம் சாமியார். பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு அவள் சொன்னாள்: "சாமி, நான் தினம் ஜெபம் சொல்றேன். ஆனா அது ஜெபம் இல்ல. எங்க வீட்டுக்காரர் குரலைக் கேக்கிறதுக்காக மாதாவைத் தூண்டில்ல மாட்டி வச்சிருக்கேன். உள்ள ஒண்ணுமே இல்ல. என் பிள்ளை போனதிலிருந்து நான் கடவுள்கிட்ட ஒண்ணும் கேக்கிறதில்ல. கேக்கவும் மாட்டேன்."

கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"எங்க படிப்புல இதெல்லாம் வரலீங்கம்மா" என்றார் சாமியார். "அபராதமா... மூணு அருள் நிறை மந்திரம் சொல்லுங்க."

"முழுசாவா சாமி, பாதியா?"

"உங்களால எவ்வளவு முடியுதோ அவ்வளவு சொல்லுங்கம்மா."

அன்று சாயங்காலம் மூன்று முதல் பாதிகளைச் சொன்னாள். எட்மண்ட் மூன்றையும் முடித்துவைத்தார். அபராதம் யார் கணக்கில் தீர்ந்ததோ, அதை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுந்து அரிசி களையப் போனாள்.

எண்பத்தைந்து ஆகஸ்டில் எட்மண்டுக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. கேம்ப் ஏரியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த முறை குரலும் ஆட்டம் கண்டது. முதலில் "சர்வேசுரனுடைய மாதாவே" உதிர்ந்தது. அடுத்து "பாவிகளாயிருக்கிற" காணாமல் போயிற்று. "அர்ச்சியசிஷ்ட... எங்களுக்காக... ஆமென்" என்று மிச்சமிருந்ததை அவர் பல்லில்லாதவர் முறுக்கை மெல்வதுபோல மென்றார். ஆரோக்கியமணி லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரமே கிடந்தாள். அவள் முதல் பாதி மட்டும் முன்போலவே பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

டோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க ஜெபமெல்லாம் போதாது அண்ணி. நீங்க கேளுங்க. நீங்க கேட்டாக் கிடைக்கும்."

"நான் கேட்டு என்ன கிடைச்சுதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் ஆரோக்கியமணி. டோரீன் கையை விட்டுவிட்டாள். லியோனார்டைத் தூக்கி வளர்த்தவள் அவளும்தான்.

மறுநாள் மத்தியானம் வார்டில் கூட்டம் குறைந்திருந்தது. வெளியே மழை விட்டு வெயில் அடித்தது. ஆரோக்கியமணி அவர் உதட்டைப் பஞ்சால் நனைத்துவிட்டு, சரசா வீட்டில் சமையல் காஸ் வந்துவிட்டது, நமக்கும் சீக்கிரம் வரும் என்று சொன்னாள். பிறகு முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

எட்மண்டின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி சொன்னாள். உதடும் அசையவில்லை. ஆனால் கண் திறந்திருந்தது, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சு போன முதல் மாதத்தில், சொல்ல வந்தது வராமல் நீர் கோத்துக்கொள்ளுமே, அப்படி ஓரத்தில் நீர் கோத்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து விட்டது. அவர் சொல்லத்தான் பார்க்கிறார், முடியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அர்த்தம் தெரிந்து பார்க்கிறாரா, தெரியாமல் பார்க்கிறாரா என்று அவள் யோசிக்கவில்லை. பாதியில் நிற்கிறதே, இவரை இப்படிப் பாதியில் நிற்க விடுவதா என்றுதான் பதறினாள்.

வாயைத் திறந்தாள். அது அவளுடைய பாதி இல்லையாதலால் நாக்கு தடுமாறிற்று. "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்றாள். "சர்வேசுரனுடைய மாதாவே." அடுத்த சொல்லுக்கு வர அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. பன்னிரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த இடம் அது. ஏழு வருஷமாக இந்த மனுஷன் தினம் தினம் எங்களுக்காக, எங்களுக்காக என்று என்னையும் சேர்த்துத்தானே கேட்டுக்கொண்டிருந்தார் என்று நெஞ்சில் உறைத்தது. நன்றாக வலித்தது. அவள் எட்மண்டின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, டைப் அடிக்கத் தெரியாதவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவதுபோலச் சொன்னாள்: "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக... இப்பொழுதும்... எங்கள் மரண நேரத்திலும்... வேண்டிக்கொள்ளும்."

எட்மண்ட் மூச்சை விட்டார். அடுத்த மூச்சு வருமென்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நர்ஸ் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிவிட்டு, டாக்டரை அழைக்கப் போனாள்.

பெட்டி ஸ்கூல் யூனிஃபார்மோடு, கையில் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். பத்தாவது படிக்கிற பெண். அம்மாவின் முதுகு மறைத்ததால் அப்பாவின் முகம் தெரியவில்லை. ஃபிளாஸ்க்கை ஸ்டூலில் வைத்துக்கொண்டே வழக்கம்போலக் கேட்டாள்.

"மம்மி, டாடி சொன்னாரா?"

"இல்லம்மா" என்றாள் ஆரோக்கியமணி. அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. "இன்னைக்கு நான் சொன்னேன்."